டீக்கடைக்கு ஒரு கிலோ

அந்த விமான நிலையத்தில் பயணிகளை எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும். விமானம் சின்னது, பத்தொன்பது இருக்கை. ஓடுபாதை அதைவிடச் சின்னது. ஒரு முனையில் கல்குவாரிப் பள்ளம், மறு முனையில் ஆறு. இரண்டையும் நகர்த்த முடியாது என்று மூன்று குழுக்கள் வெவ்வேறு காலத்தில் வந்து ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தன. பாதையை நீட்ட முடியாததால் சுமையைக் குறைத்தார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்தவர் தராசம்மா. வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளப் பட்டியல் மட்டும் பயன்படுத்தி வந்தது.

நிலையம் உண்டானதே குவாரியால்தான். குவாரி முதலாளி தலைநகரில் இருந்தார். கல் உடைவதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சாலையில் வந்தால் முதுகு வலித்தது. எனவே தன் கல்லையே பரப்பி ஒரு ஓடுபாதை போட்டுக்கொண்டார். அவருக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குக் கல்லில் ஆர்வம் இல்லை; முதுகும் வலிக்கவில்லை. ஓடுபாதையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெடிமருந்துக் கிடங்காக இருந்த கட்டடம் பயணிகள் கூடமாயிற்று. அதற்கு ஜன்னல் கிடையாது. புகார் வந்த பிறகு இரண்டு வைத்தார்கள். இரண்டும் குவாரியைப் பார்த்து இருந்தன.

எடை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நிலையத்தில் தேடியபோது, குவாரியின் எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்த பெண் எதிர்ச் சாரியிலேயே இருந்தார். மளிகைக்கடைக்காரர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை. அவருக்கு வேலை கிடைத்தது.

லாரிக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். எடைமேடையில் எண்ணை உரக்கக் கூவுவது வழக்கம். லாரியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கும் கேட்க வேண்டும், உள்ளே எழுதுகிறவருக்கும் கேட்க வேண்டும். அதே வழக்கப்படி முதல் நாள் முதல் பயணியின் எடையைக் கூவினார். முதல் பயணி பெண்கள் கல்லூரி முதல்வர். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் இருமக்கூட இல்லை. மறுநாள் தராசின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இரண்டு பக்கமும் அட்டை வைத்து மறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரிடமும் அவர் சொன்னது ஒரே சொல்: "சரி." எண்பத்தைந்து கிலோவுக்கும் சரி, நாற்பத்திரண்டுக்கும் சரி.

ஊர் சும்மா இருக்கவில்லை. கனமானவர்களை இறக்கைக்கு நேராக நடு வரிசைகளில் உட்கார வைப்பார்கள் என்பதை ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. அதன் பிறகு "நடு வரிசை" என்பது வசவாகப் பயன்பட்டது. கல்யாணத் தரகர் ஒருவர் அவரிடம் வந்து, "பொண்ணு எந்த வரிசைன்னு மட்டும் சொல்லும்மா, எண்ணெல்லாம் வேண்டாம்" என்று கேட்டார்.

"பொண்ணு பஸ்ல போறவங்க" என்றார் தராசம்மா.

தராசம்மாவுக்குக் கல்யாணம் ஆனதும் இந்தத் தராசால்தான். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் பார்க்க, எடை மாறாத பொருள் ஒன்று தேவை. கொடுத்திருந்த இரும்புப் படிக்கல்லை முதல் மழைக்காலத்திலேயே யாரோ கதவு அடிக்காமலிருக்க எடுத்துப்போய்விட்டார்கள். பெட்டி தூக்கும் லோடர் ஒருவர் இருந்தார். எழுபத்தோரு கிலோ. வெயிலிலும் மழையிலும், மாசத்தின் முதல் தேதியிலும் கடைசித் தேதியிலும் எழுபத்தோரு கிலோ. மூன்று வருடம் தினமும் காலையில் அவரை ஏற்றி இறக்கிய பிறகு, "இப்படியே எத்தனை நாளைக்கு?" என்று அவர் கேட்டார். தராசம்மா, "சரி" என்றார்.

லோடருக்கு நிலையத்தில் இன்னொரு வேலையும் உண்டு. விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் தீயணைப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டியில் உட்கார வேண்டும். அது முடிந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளுவண்டியோடு வருவார். வெளியூர்க்காரர்கள் அவர்கள் இரண்டு பேர் என்று நினைத்தார்கள்.

இந்த இடத்தில் டீக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குவாரியில் எடை போட்ட லாரி சாலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவு இருந்தது. எடைமேடையிலிருந்து பார்த்தால் அந்த வளைவு தெரியாது. ஓட்டுநர்கள் அங்கே நிறுத்தி, முன்னாடியே போட்டு வைத்திருந்த கல்லில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்கள். அதைத் தடுக்கப் பார்த்து யாருக்கும் பலன் இல்லை. ஆகவே தராசம்மா ஒவ்வொரு லாரிக்கும் வளைவுக்கு என்று ஒரு பங்கு சேர்த்தே எழுதினார். முதலாளியின் ஆட்கள் ஒரு தடவை வழியில் மறித்துப் பார்த்தபோது கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. அவர் தொழிலில் கற்றுக்கொண்டவற்றில் அவருக்கு அதிக நம்பிக்கை இருந்தது இதில்தான்: எடை போட்ட இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கும்.

விமான நிலையத்தில் அந்த வளைவு டீக்கடை. பயணிகள் எடை போட்டுவிட்டுக் கூடத்தின் கோடிக்குப் போய் டீ, பன், அவித்த முட்டை, தண்ணீர் பாட்டில் என்று உள்ளே தள்ளிக்கொண்டும் கையில் வாங்கிக்கொண்டும் ஒரு மணி நேரம் இருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தராசம்மா ஒரு தட்டில் ஒரு டீ, இரண்டு பன், ஒரு முட்டை, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து எடை போட்டார். கிட்டத்தட்ட ஒரு கிலோ. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கிலோ சேர்த்து எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்தார் என்பதற்கில்லை. லாரிக்குச் சேர்த்ததையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சாதாரண நாட்களில் இதனால் ஒன்றும் ஆகவில்லை. வெயில் நாட்களில்தான் ஆகும். வெயில் ஏறினால் காற்று மெலிந்துபோகும். மெலிந்த காற்று குறைவாகத்தான் தாங்கும். காலையில் பறந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த விமானத்தின் காலை நேரமெல்லாம் இன்னும் முக்கியமான இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. இங்கே அது வந்து கிளம்புவது பிற்பகல் மூன்றுக்கு. வெயில் நாட்களில் முதலில் பெட்டிகளை இறக்குவார்கள். அவை பஸ்ஸில் பின்னால் போகும். அதற்கும் சரிவராவிட்டால் ஆள்.

ஆளை இறக்குவதற்கு நிலையத்தில் ஒரு முறை இருந்தது. யார் பெயரையும் சொல்லக்கூடாது. தராசம்மா கூடத்தின் நடுவில் போய் நின்று, "இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். அடிக்கடி பறப்பவர்களுக்கு அர்த்தம் தெரியும். அவசரம் இல்லாதவர் யாராவது கையைத் தூக்குவார். அவருக்கு மதியச் சாப்பாடும் மறுநாள் இடமும் கிடைக்கும். யாரும் தூக்காவிட்டால், கடைசியாக எடை போட்டவர் இறங்க வேண்டும். இதில் விலக்கு இல்லை. ஒரு தடவை விமானக் கம்பெனி அதிகாரியே இறங்கி, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, சாப்பாட்டைப் பற்றிப் புகாரும் எழுதினார்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு வெயில் நாளில் அப்படிக் கடைசியாக வந்து நின்றவர் லோடரின் அக்கா. தராசம்மாவுக்கு நாத்தனார். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். எதற்கும் கடைசி நிமிஷத்தில்தான் வருவார். துணி வெட்டுவதில் அவசரப்படாதவர், கிளம்புவதிலும் அப்படித்தான். தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சுகளுக்குச் சீருடை தைக்கும் ஆர்டருக்கு மறுநாள் காலையில் போய் நிற்க வேண்டும். அன்று ஒன்பது கிலோ கூடுதல். யாரும் கை தூக்கவில்லை. தராசம்மா நாத்தனாரிடம் போய், "அண்ணி, இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஆர்டர் எதிர்க்கடைக்காரருக்குப் போயிற்று. அவர் அதில் மாடி எடுத்தார். அந்த மாடியின் நிழல் தினமும் மாலையில் நாத்தனாரின் தையல் மெஷின் மேல் விழுந்தது.

அன்றிலிருந்து நாத்தனார் தராசம்மாவிடம் பேசுவதில்லை. வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், கைக்குட்டையில் பூ போட்டுக் கொடுப்பார். பேச்சு மட்டும் தம்பி வழியாக. "ஒம்போது கிலோவுக்கு என் பொழப்ப இறக்கி விட்டவ" என்பது தராசம்மா இருக்கும் அறையில் அவரைக் குறிக்கும் பெயர். லோடர் இடையில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமா என்பதைக்கூட இந்தப் பக்கத்திலிருந்து வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் வெயில் காலத்தின் நடுவில் ஒரு நாள், எல்லாரையும் எடை போட்டு முடிக்கிற நேரத்தில் நாத்தனார் கூடத்துக்குள் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. கையில் ஒரு துணிப்பை மட்டும். விமானத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. டிக்கெட்டை வழியில் வாங்கியிருந்தார். லோடரைக் கையைப் பிடித்துத் தராசுப் பக்கம் இழுத்துவந்தார்.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நான் செருப்பக் கழட்ட மாட்டேன்."

லோடர் திரும்பினார். "செருப்பக் கழட்ட மாட்டாங்களாம்."

"கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. எல்லாரும் செருப்போடதான ஏர்றாங்க."

"கழட்ட வேண்டாமாம்க்கா."

"எனக்குக் காது கேக்குதுடா."

அவர் தராசில் ஏறி நின்றார். நின்றுகொண்டே தம்பியிடம் சொன்னார்: "பொண்ணுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சாம். பிரசவத்துக்கு இன்னும் மாசம் இருக்கு, ஆனா இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கான். பக்கத்துல நிக்க ஒரு ஆள் இல்ல, வாடகை வீட்டுக்காரம்மா கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கு. பஸ்ல போனா நாளைக்கு மத்தியானம். இதெல்லாம் உன்கிட்டதான் சொல்றேன். அவளுக்குச் சொல்லத் தேவையில்ல."

"சரி" என்றார் தராசம்மா.

கணக்குப் போட்டார். அன்று இரண்டு விஷயம் சேர்ந்திருந்தது. ஒன்று வெயில். இன்னொன்று, தலைநகரில் மழை மேகம் இருப்பதால், அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குத் திரும்பிப் போக எரிபொருள் கூடுதலாக வேண்டும் என்று கேப்டன் கேட்டிருந்தார். எல்லாப் பெட்டிகளையும் பஸ்ஸுக்கு அனுப்பியாயிற்று. அப்புறமும் பதினாலு கிலோ கூடுதல்.

மேலாளர் வந்து தாளை எட்டிப் பார்த்தார். அவர் மேலாளர், அறிவிப்பாளர், ஓடுபாதையிலிருந்து நாயை விரட்டுகிறவர் எல்லாம். கெட்டவர் இல்லை.

"கடைசி ஆள் யாரு?" என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தானே பார்த்தார். "ஓ."

"ஆமா சார்."

"நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டு ஆள்னு ஏத்தி, வேற ஒருத்தர இறக்கினா, நாளைலேந்து எல்லாரும் நம்ம வீட்டு ஆள்தான்."

"கேட்டுப் பாக்கறேன் சார்."

கூடத்தின் நடுவில் போய் நின்று, "இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

மற்றப் பதினெட்டுப் பேரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். மர வியாபாரி மட்டும் நிமிர்ந்து, "என்னைப் பாக்காதீங்கம்மா. நான் நடு வரிசைதான், ஒத்துக்கறேன். ஆனா நாளைக்குக் காலைல மர ஏலம்" என்றார். வக்கீலுக்கு வாய்தா. கல்லூரி முடித்த பெண் ஒருத்திக்கு வேலைக்கான நேர்காணல். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்துதான் இறங்குவோம் என்றார்கள். அப்படி இறங்கும் எண்ணமும் இல்லை என்றார்கள். பல் டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அவர் வாயில் பன் இருந்தது.

நாத்தனார் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் துணிப்பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். அவர் கால்களைப் பார்க்கவில்லை. தராசம்மாவையும் பார்க்கவில்லை. விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசம்மா மேஜைக்குத் திரும்பிப் பென்சிலை எடுத்து, எழுதாமல் வைத்திருந்தார். லோடர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன யோசிக்கிற?"

"ஒண்ணு சொல்லணும். எல்லாருக்கும் ஒரு கிலோ சேத்து எழுதிருக்கேன். டீக்கடைக்கு."

"இன்னிக்கா?"

"சேந்ததுலேந்து."

லோடர் தராசை எட்டிப் பார்த்தார். "எனக்கும் சேத்தா எழுபத்தொண்ணு?"

"நீங்க எங்க ஏறிப் போறீங்க, உங்களுக்குச் சேக்க."

"அப்ப அதை எடுத்துடேன். பத்தொம்போது பேரு, பத்தொம்போது கிலோ. பதினாலுதான அதிகம்? அக்கா ஏறிடும். நீ சேத்ததும் யாருக்கும் தெரியாது, எடுத்ததும் யாருக்கும் தெரியாது."

"எடுத்துடலாம். அவங்க குடிச்ச டீயும் தின்ன பன்னும் எங்க போகும்? வண்டிலதான போகும்? உங்க அக்காவும் அந்த வண்டிலதான் இருப்பாங்க."

லோடர் கூடத்தின் கோடியைப் பார்த்தார். அன்று டீக்கடையில் நல்ல கூட்டம்.

"பாவிப்பய டீக்கடை" என்றார்.

தராசம்மா எழுந்தார். "தராசைத் தூக்குங்க."

"எங்க?"

"விமானத்துக்குப் போற கதவுக்கு. டீ குடிச்சப்புறம் எடை போட்டா, குடிக்கப் போறதுக்குச் சேக்கத் தேவையில்ல. உள்ள இருக்கிறதோடயே வரும்ல."

மேலாளரிடம் ஒரு கிலோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு முதலில் கதவை மூடினார். "ஏம்மா, ஒரு தடவை எடை போட்டதுக்கே ஊர்ல பாதிப் பேரு நம்மகூட முகம் கொடுத்துப் பேசறதில்ல. ரெண்டாம் தடவையா? நடுக் கூடத்துலயா?"

"மறைச்சுப் போடலாம் சார். தள்ளுவண்டித் தார்ப்பாய் இருக்கு."

கேப்டனைக் கேட்டார்கள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு எண்ணு சரியா இருந்தா போதும். நீங்க அதை எங்க வெச்சு வேணாலும் போடுங்க. ஆனா இருபது நிமிஷம். அப்புறம் அங்க மழை வந்துடும். கூட்டினாலும் குறைச்சாலும் நான் கையெழுத்துப் போடறது அந்தத் தாள்ல இருக்கிற எண்ணுக்குத்தான்."

தராசைக் கதவுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். லோடர் தார்ப்பாயின் ஒரு முனையையும் தீயணைப்பு வண்டி ஓட்டுநர் மறு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார், மூடிக்கொண்டார். மேலாளர் தொண்டையைச் செருமி, "ஒவ்வொருத்தரா வந்து இன்னொரு தடவை ஏறி இறங்கணும். அப்படியே விமானத்துக்குப் போயிடலாம்" என்று அறிவித்தார்.

"ஒரே வழக்குக்கு ரெண்டு விசாரணையா?" என்றார் வக்கீல்.

"அப்பீல்னு வெச்சுக்குங்க சார்" என்றார் தராசம்மா.

முதலில் மர வியாபாரி ஏறினார். முன்பு போட்டதைவிட அரைக் கிலோ குறைவு. தராசம்மா முள்ளைத் தட்டிப் பார்த்தார். வக்கீல்: கால் கிலோ குறைவு. நேர்காணல் பெண்: கொஞ்சம் குறைவு. தராசு உருட்டிவந்ததில் பழுதாகிவிட்டது என்று நினைத்து, தார்ப்பாயை மேலாளர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏறி நில்லுங்க."

எழுபத்தோரு கிலோ.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றார் தராசம்மா. அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அடுத்து வந்தவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும். தராசம்மா அவர்கள் வந்த வழியை நிமிர்ந்து பார்த்தார். டீக்கடைக்குப் பக்கத்தில் கழிவறை இருந்தது. கட்டடம் கூடமாக மாறிய நாளிலிருந்து அங்கேயே இருந்தது. விமானத்தில் கழிவறை கிடையாது என்பது எல்லாப் பயணிக்கும் தெரியும்; டீக்கடையிலிருந்து எழுந்து அங்கே போய்விட்டுத்தான் எல்லாரும் கிளம்புவார்கள். தராசம்மாவே தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் டீ வாங்கப் போவார். லாரிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அவருக்குத் தோன்றவே இல்லை.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஏறப் பார்த்தார்கள், தனித்தனியாக ஏற்றினார்கள். இருவரும் குறைவு. ஆளுக்கு ஒரு துளிதான். சிலருக்கு ஒன்றும் இல்லை. பல் டாக்டர் மட்டும் முக்கால் கிலோ கூடியிருந்தார். தராசம்மா அவரிடமும் "சரி" என்றார்.

கடைசியாக நாத்தனார். தம்பி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் வந்ததிலிருந்து எதையும் குடிக்கவில்லை, எங்கும் போகவில்லை. முன்பு போட்ட அதே எடை.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தராசம்மா கூட்டினார். கூட்டியதை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை கூட்டினார். பதினாலு கிலோ அதிகமாக இருந்த கணக்கு இப்போது எட்டுக் கிலோ குறைவாக வந்தது. தாளைக் கேப்டனிடம் நீட்டினார். அவர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், படியேறிப் போய்விட்டார்.

"சரி" என்றார் தராசம்மா.

நாத்தனார் தராசிலிருந்து இறங்கினார். கதவுக்கு அப்பால் வெயிலில் விமானம் நின்றது. அவர் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார். தம்பியைப் பார்க்காமல் கேட்டார்:

"முதல்ல எவ்வளவு அதிகம்னு சொன்னாங்க?"

"பதினாலு" என்றார் தராசம்மா.

"இப்ப?"

"எட்டு குறைவு."

"ஆக இருபத்திரெண்டு. எங்கேந்து வந்துச்சு அந்த இருபத்திரெண்டு?"

லோடர் அந்தக் கேள்வியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். கொடுக்க ஒன்றும் இல்லை. அது நேராகவே போயிருந்தது.

தராசம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம். இடம் கிடைத்துவிட்டது, கேப்டன் கையெழுத்தும் போட்டாயிற்று, எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது, வெயிலைக் காரணம் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் சொன்னார்: "நான் சேத்ததுதான் அண்ணி. டீக்கடைக்குன்னு ஆளுக்கு ஒரு கிலோ சேத்தேன். சேத்திருக்க வேண்டாம். சாப்பிட்டது எனக்குத் தெரிஞ்சுது, போனது தெரியல."

"எப்பலேந்து?"

"வேலைல சேந்ததுலேந்து."

நாத்தனார் வாழ்நாள் முழுதும் துணியை மனதிலேயே கூட்டிக் கழித்து வெட்டியவர். இந்தக் கணக்கு அவருக்குப் பெரிதில்லை.

"அன்னிக்கு ஒம்போது கிலோதான் அதிகம்."

"ஆமா அண்ணி."

"அப்ப நான் ஏறியிருக்கலாம்."

"ஏறியிருக்கலாம்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தீயணைப்பு ஓட்டுநர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். திறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாத்தனார் தராசம்மாவை மேலிருந்து கீழ்வரை, சட்டைக்கு அளவெடுப்பவர் மாதிரி பார்த்தார்.

"வந்து பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

லோடர் தீயணைப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். விமானம் குவாரிப் பக்கத்திலிருந்து ஓடத் தொடங்கி, வழக்கமாகத் தரையை விடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டு, ஆற்றைத் தாண்டிப் போயிற்று. கோட்டைக் கழற்றிக்கொண்டே அவர் திரும்பி வந்தார்.

"அக்கா கடைசியா என்ன சொல்லிட்டுப் போச்சு? எந்திரச் சத்தத்துல காதுல விழல."

"வந்து பேசிக்கறேன்னாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

அவர் கோட்டை மடித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார்.

தராசம்மா மேலாளர் அறைக்குப் போய், இத்தனை வருடத்தில் வெயில் நாட்களில் இறங்கியவர்களில் பலர் இறங்கியிருக்கவே வேண்டாம் என்று சொன்னார். பரீட்சைக்குப் போகிறேன் என்ற ஒரு பையனையும், சண்டை போடாமல் இறங்கிப்போன ஒரு கிழவரையும் அவருக்கு முகத்தோடு ஞாபகம் இருந்தது. மேலாளர் வெகுநேரம் யோசித்தார்.

"எல்லாருக்கும் சாப்பாடு போட்டிருக்கோம்" என்றார்.  தராசு கதவுப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். தார்ப்பாய்க்குப் பதிலாக மரத் தட்டி ஒன்று செய்யச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு நாத்தனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனபோது கதவு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெண் குழந்தை. தாயின் உடல்நிலை ஒரு வாரம் கவலைப்படும்படி இருந்து, பிறகு சரியாயிற்று. இதெல்லாம் தொலைபேசியில் தம்பிக்கு வந்த செய்தி. தராசம்மாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தராசம்மாவும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு பிற்பகல் விமானத்தில் நாத்தனார் வந்து இறங்கினார். லோடர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு எதிரே போனார். நாத்தனார் துணிப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளிவாசலுக்குப் போகாமல் கூடத்துக்குள் நுழைந்து, நேராகத் தராசுக்கு வந்தார். போகிற பயணிகள் மரத் தட்டிக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையைத் தாண்டித் தட்டிக்குப் பின்னால் போய், தராசம்மாவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

"அண்ணி, வரிசை நிக்குது."

"நிக்கட்டும். நான் பத்து வருஷம் நின்னேன்."

பிறகு அவர் பேசத் தொடங்கினார். எதிர்க்கடை மாடியின் முதல் செங்கல்லில் தொடங்கினார். தராசம்மா தலையைக் குனியாமல், எழுந்தும் போகாமல், கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில், "ஆமா அண்ணி, என் தப்புதான்" என்றார். மூன்றாவது இடத்தில், "அது மட்டும் என் தப்பு இல்ல" என்றார். அதற்கு நாத்தனாரின் குரல் இன்னும் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் தட்டிக்கு நெருங்கி வந்தார்கள். லோடர் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் "போடா", "போங்க" என்றார்கள். அவர் வெளியே வந்து, நின்றவர்களுக்கெல்லாம் டீ சொன்னார்.

விமானம் அன்று நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் மேலாளர் 'வானிலை' என்று எழுதினார்.